தனியார் மனநல கிளினிக்: நெடுநாள் நடத்தியதில் எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது

மாவட்டத் தலைநகர் ஒன்றில், படுக்கை இல்லாமல் ஓபி மட்டும் பார்க்கும் மனநல கிளினிக்கின் அனுபவம் இது. இடம், மேசை, மென்பொருள் என எதற்குப் பணம் போட்டாலும், நோயாளி மறுபடி வருவதற்கு அது உதவுகிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. முதல் மாதக் கூட்டத்தைவிட, ஆறாவது மாதமும் மாத்திரையை விடாமல் இருப்பவர்கள்தான் கணக்கு.

அனுமதிகளில் பெரிய சிக்கல் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி மாநில மனநல ஆணையப் பதிவு, நோயாளிகளை அனுமதித்துத் தங்கவைக்கும் இடங்களுக்குத்தான். ஓபிக்கு ஜேடி (மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்) அலுவலகப் பதிவும், ஊசிக் கழிவுக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் எடுக்க வேண்டும். "ஒரு ராத்திரி மட்டும் இருக்கட்டும் டாக்டர்" என்று உறவினர் கெஞ்சினாலும் தங்கவைக்கக் கூடாது.

பல் கிளினிக், கண் கிளினிக் இருக்கும் வளாகத்தில் மாடி அறை கிடைத்தால் விடாதீர்கள். தெருவைப் பார்த்த தனிக் கட்டடத்தில் படியேறவே பலர் தயங்குகிறார்கள். பிளைவுட் தடுப்பு வேண்டவே வேண்டாம், உள்ளே பேசுவதெல்லாம் வெளியே கேட்கும். செங்கல் சுவரும் கனமான கதவும் செலவுக்குத் தகுந்தவை. அட்டெண்டர் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் டோக்கன் எண்ணைச் சொல்ல வேண்டும்.

முதல் வருகைக்கு 40 நிமிடமாவது வேண்டும். அதில் நோயாளியிடம் தனியாகவும், அவர் சம்மதத்தோடு குடும்பத்தாரிடமும் பேச வேண்டும். மறுவருகைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். தேதியைக் காலண்டர் பார்த்துக் கொடுங்கள். முகூர்த்த நாளிலும் பொங்கல் வாரத்திலும் கொடுத்தால் வர மாட்டார்கள். மறுவருகை 30 நாளில் என்றால் மாத்திரை 35 நாளுக்கு எழுதுங்கள். தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு மட்டும் இது பொருந்தாது. அளவு மீறி விழுங்கினால் ஆபத்தான அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்காமல், உறவினர் கையில் ஒப்படைக்க வேண்டும். வராதவரை மறுநாள் போனில் கூப்பிடுவது மென்பொருளின் நினைவூட்டலைவிடப் பலன் தருகிறது. எடுப்பது யாரென்று தெரியும்வரை அட்டெண்டர் "மனநல கிளினிக்" என்று சொல்லக் கூடாது.

மாத்திரையை எங்கே வாங்குவது என்பதும் பிரச்சினைதான். இருமுனை மனநோய்க்கான லித்தியம், மனச்சிதைவுக்கான க்ளோசபைன் எல்லா மெடிக்கலிலும் இருக்காது, மூன்று கடை ஏறி இறங்கியவர் நிறுத்திவிடுவார். மருத்துவர் தன் நோயாளிகளுக்கு மட்டும் மருந்து கொடுப்பதை மருந்து விதிகளின் அட்டவணை கே அனுமதிக்கிறது. திறந்த கடை நடத்தினால் உரிமம் வேண்டும். வாங்கிய பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

அதிகக் கவனம் கேட்பது லித்தியம். மாத்திரை அளவை மாற்றிய 5 முதல் 7 நாள் கழித்து, கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். பராமரிப்புக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.6–1.0 மிலிமோல் போதும். திடீரென்று 2-க்கு மேல் முடிவு வந்து, ஆள் நடுக்கமோ தள்ளாட்டமோ இல்லாமல் தெளிவாக இருந்தால், லேபில் எந்தக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள் என்று கேளுங்கள். பச்சை மூடிக் குழாய்களில் ரத்தம் உறையாமல் தடுக்கும் லித்தியம் ஹெப்பாரின் இருக்கலாம், முடிவு பொய்யாக ஏறிவிடும். "சீரம் குழாய்" என்று சீட்டிலேயே எழுதி, உடனே மறுபரிசோதனை செய்ய வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் ரத்தத்தில் லித்தியம் அளவை உண்மையிலேயே ஏற்றும். அதனால் ஃபைலின் முன்பக்கத்தில் வலி மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் (சிறுநீரகம்), டிஎஸ்எச் (தைராய்டு), கால்சியம் பார்ப்பதைத் தவறவிடக் கூடாது.

கிளினிக்குக்குத் தனி சிம் வாங்குங்கள். அந்தப் போன் பக்கத்தில், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டிய அறிகுறிகளை எழுதிய ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும்: க்ளோசபைன் எடுப்பவருக்குக் காய்ச்சல் அல்லது தொண்டை வலி, லாமோட்ரிஜின் (மனநிலையைச் சீராக்கும் மாத்திரை) தொடங்கியவருக்குத் தோல் தடிப்பு, லித்தியத்தில் வாந்தி அல்லது கை நடுக்கம், ஊசி போட்ட பிறகு கழுத்து இழுத்தல், சாவைப் பற்றிய பேச்சு. இவற்றில் எது வந்தாலும் டாக்டர் ஓபியில் இருந்தாலும் உடனே சொல்ல வேண்டும். படிப்பறிவு குறைந்த ஊழியருக்கும் புரியும்படி பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

கிளினிக் மூடிய பிறகு யாரை அழைப்பது என்பதும் மருந்துச் சீட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும்: அருகிலுள்ள அரசு மருத்துவமனை, 108, 24 மணி நேரமும் எடுக்கும் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416.