காய்ச்சல் என்று தேடினால்: இணையத்தில் தமிழ் லெக்சிகன்

மருத்துவமனைப் படிவங்களையும் நோயாளிகளுக்கான குறிப்புகளையும் தமிழாக்குவது என் வேலை. அதற்கு நான் அதிகம் நம்புவது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்னும் பேரகராதியைத்தான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக அச்சில் வந்தது. இப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

இதன் அருமை தெரிய 'சுரம்' என்று தேடிப் பாருங்கள். பாலை நிலத்து வழியும் சுரம், பாட்டில் வருவதும் சுரம், உடம்பைச் சுடுவதும் சுரம். மூன்றையும் தனித்தனியே பிரித்திருக்கிறார்கள். நோயைக் குறிப்பது வடமொழி 'ஜ்வர', இசையைக் குறிப்பது 'ஸ்வர'. 'காய்ச்சல்' நம்முடைய 'காய்' என்ற வினையில் பிறந்தது. துணி காய்கிறது, நிலா காய்கிறது, பிள்ளைக்கு உடம்பு காய்கிறது என்கிறோமே, அதே காய். 'வெப்பு' இன்னும் பழைய வழக்கு. பாண்டியன் நெடுமாறனுக்கு வந்து, சம்பந்தர் திருநீற்றுப் பதிகம் பாடித் தீர்த்ததாகப் பெரியபுராணம் சொல்வது இந்த வெப்பு நோயைத்தான்.

சரி, இதெல்லாம் வேலைக்கு உதவுகிறதா? நிச்சயமாக. காய்ச்சலுக்கு மருத்துவர்கள் எழுதும் 'பைரெக்ஸியா' கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அடியில் இருப்பது நெருப்பைக் குறிக்கும் 'பூர்'. 'பி.யு.ஓ.' (பைரெக்ஸியா ஆஃப் அன்நோன் ஆரிஜின்) என்று சுருக்கி எழுதும் நோய்க்கு 1961-இல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் வரையறை தந்தார்கள்: மூன்று வாரத்துக்கு மேல் நீடித்து, அவ்வப்போது 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தும் காரணம் பிடிபடாத காய்ச்சல். என்னிடம் வந்த ஒரு படிவத்தில் இதை 'அறியப்படாத தோற்றுவாயுடைய சுரம்' என்று எழுதியிருந்தார்கள். 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்று மாற்றினேன். வார்டுக்கு வெளியே நின்று கையெழுத்துப் போடும் அம்மாவுக்கு அது படித்தவுடன் புரிய வேண்டும்.

பொருளுக்குள் தேடும் வசதியும் உண்டு. 'ஃபீவர்' என்பதை ஆங்கில எழுத்தில் இட்டால் காய்ச்சல் தொடர்பான சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். எனக்கு மிகவும் பயன்படுவது இதுதான்.

குறையும் இருக்கிறது. சுருக்கக் குறிகள் பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும். அப்புறம், இது 1930களோடு நின்றுவிட்ட அகராதி. 1952-இல் தான்சானியாவில் பரவியபோது அடையாளம் காணப்பட்ட சிக்குன்குனியாவை இதில் தேடிப் பயனில்லை. புது நோய்ப் பெயர்களுக்கு இன்னொரு அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மருத்துவத் தமிழ் எழுதுகிறவர்கள் லெக்சிகனைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்பேன்.