ஃபேப், பேக்கேஜிங், டிசைன்: காசு எதில் நிற்கும்?

திருவாரூர் பக்கத்து ஆள் நான், படித்தது இசிஇ. படிப்பு முடிந்த கையோடு இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று குஜராத்தில் சிப் பேக்கேஜிங் ஆலையில் பயிற்சிப் பொறியாளர். இன்னொன்று சென்னையில் ஒரு சின்ன டிசைன் நிறுவனத்தில் வெரிஃபிகேஷன், அதாவது சிப் டிசைனில் பிழை தேடும் வேலை. சம்பளம் குஜராத்தில்தான் கூடுதல். நான் சென்னைக்குப் போனேன். ஆகவே கீழே வருவதில் டிசைன் பக்கம் சாய்வு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாட்டுக்கு முன்னால் இருப்பதும் ஏறக்குறைய இதே கேள்விதான். 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு சிப் துறைக்காக 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. அந்தப் பணம் மூன்று பக்கம் பிரிகிறது. வேஃபர் என்கிற வட்டமான சிலிக்கான் தகட்டில் சிப்பை உருவாக்குவது ஃபேப். உருவானதை வெட்டி, கம்பி இணைத்து, உறை போட்டுச் சோதித்து அனுப்புவது பேக்கேஜிங். சிப்புக்குள் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது டிசைன்.

டெல்டாவில் யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி தண்ணீர்தான். அப்பாவும் அதைத்தான் கேட்டார்: "ஏன் தம்பி, அந்த ஃபேக்டரி எவ்வளவு தண்ணி குடிக்கும்?" நியாயமான கேள்வி. 2021 வறட்சியில் தைவான் அரசு 70,000 ஹெக்டேருக்கு மேல் பாசனத்தை நிறுத்திவிட்டு, வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் தண்ணீரை ஒதுக்கியது. விவசாயிகளுக்குக் கிடைத்தது இழப்பீடு. ஆனால் கணக்குப் போட்டால் படம் மாறுகிறது. தைவானின் பெரிய சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி 2019 வாக்கில் அங்கே பயன்படுத்தியது நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் டன். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டிஎம்சி. காவிரியில் பிலிகுண்டுலு வழியாக 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி ஆண்டுக்கு நமக்கு வர வேண்டியது 177.25 டிஎம்சி. "ரெண்டே ரெண்டு டிஎம்சியா?" என்று அப்பா நம்பாமல் பார்த்தார். அளவு பெரிய பிரச்சினை இல்லை. ஒருநாள்கூட நிற்கக் கூடாது என்பதுதான் பிரச்சினை. நம் ஊருக்கே ஃபேப் வந்துவிடுமோ என்று பயப்படவும் வேண்டாம். மாநில அரசு செமிகண்டக்டர் பூங்காக்களை அறிவித்திருப்பது சூலூரிலும் பல்லடத்திலும்.

வேலைவாய்ப்பிலும் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. குஜராத்தின் தோலேராவில் டாட்டா, தைவானின் பிஎஸ்எம்சியோடு சேர்ந்து கட்டும் ஃபேபுக்கு 91,000 கோடி. அரசு சொன்ன வேலைகள், நேரடியும் மறைமுகமும் சேர்த்து, 20,000. அசாமின் ஜாகிரோட்டில் டாட்டாவின் பேக்கேஜிங் ஆலைக்கு 27,000 கோடி. சொன்ன வேலைகள் 27,000. தலைக்கு நாலரைக் கோடிக்கு எதிரே ஒரு கோடி. வேலைதான் நோக்கம் என்றால் பேச்சே இல்லை, பேக்கேஜிங்.

என் முடிவைத் தீர்த்தது பராமரிப்புச் செலவு. வாய்க்கால் வெட்டுவது ஒரு தடவை, தூர்வாருவது வருஷா வருஷம். டெல்டாக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிக்கல் நாட்டும் நாளில் எல்லோரும் பேசுவது வெட்டும் கூலியைப் பற்றித்தான்.

ஃபேபின் செலவில் பெரும்பங்கு இயந்திரங்கள். கணக்குப் புத்தகத்தில் அவற்றின் விலையைப் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளில் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். அதனால் இரவும் பகலும் ஓடியே ஆக வேண்டும். பாதி ஆர்டரில் ஓடினாலும் தேய்மானம் முழுசாகத்தான் ஏறும். தோலேரா செய்யப்போவது 28 முதல் 110 நானோமீட்டர் வரையிலான ரகங்கள் (எண் சிறிதாக ஆக நுட்பம் புதிது), மாதம் 50,000 வேஃபர். கார், மின்சாரக் கருவிகள், மீட்டர் இவற்றுக்கெல்லாம் இது போதும். போட்டி எங்கே என்று பாருங்கள். டிஎஸ்எம்சி 28 நானோமீட்டரைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது 2011இல். அந்த முதல் இயந்திரங்களின் விலை எப்போதோ கழிந்துவிட்டது. நாம் தேய்மானத்தைச் சேர்த்து விலை சொல்ல வேண்டும், அவர்கள் சேர்க்காமல் சொல்லலாம். சீனாவும் இதே ரகங்களில் ஆலை மேல் ஆலையாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. அரசு மானியம் கட்டுமானத்தில் பாதியைத் தரும். ஆறாவது வருஷ நஷ்டத்தை யார் தருவார்கள்?

அப்புறம் மின்சாரம். ஜப்பானின் யொக்கைச்சி மெமரி சிப் ஆலைகளில் 2019 ஜூனில் 13 நிமிடம் கரண்ட் போனது. முழு உற்பத்திக்குத் திரும்ப ஒரு மாதம் ஆயிற்று. அங்கே பங்காளியான வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கு மட்டும் 6 எக்ஸாபைட் (600 கோடி ஜிபி) அளவு மெமரி போயிற்று.

நம்மிடமே பழைய உதாரணம் இருக்கிறது. பஞ்சாபின் மொகாலியில் உள்ள அரசு சிப் ஆலை 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது, 1989இல் தீப்பிடித்தது. எல்லோரும் தீயைத்தான் சொல்வார்கள். தீக்குப் பிறகு உலகத்தின் வேகத்துக்கு யாரும் பணம் போடவில்லை என்பதுதான் பெரிய நஷ்டம். இன்று அது நிற்பது 180 நானோமீட்டரில். உலகம் அதைத் தொட்டது 1999 வாக்கில். ஆனாலும் இஸ்ரோவின் ராக்கெட்டுகளுக்கான விக்ரம் 3201 புராசசர் அங்கேதான் உருவானது. பாதுகாப்புக்கும் விண்வெளிக்கும் சொந்த ஃபேப் ஒன்றாவது வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. லாபக் கணக்கில் அதை நியாயப்படுத்த வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

டிசைனில் தூர்வாரும் கூலி பெரும்பாலும் ஆள் சம்பளமும் மென்பொருள் லைசென்ஸும். என் வேலையையே சொல்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு டைமரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ரீசெட் (மீட்டமைப்பு) விலகும் அதே கிளாக் துடிப்பில் இன்டரப்ட் (குறுக்கீட்டுச் சைகை) வந்தால் எண்ணிக்கை ஒன்று குறைந்தது. கணினிச் சிமுலேஷனிலேயே சிக்கியதால் மூன்று வரித் திருத்தத்தோடு போயிற்று. சிப்பை அச்சிடும் அச்சான மாஸ்க் போட்டபின் தெரிந்திருந்தால் பல மாதமும் பெரும் பணமும். இதற்குத் தேவைப்பட்டது பொறுமையும் ஒரு சர்வரும்.

ஐஐடி மெட்ராஸின் சக்தி புராசசரைத் தளமாகக் கொண்டு, சென்னையின் மைண்ட்குரோவ் நிறுவனம் இணையத்தோடு இணையும் கருவிகளுக்கான செக்யூர் ஐஓடி சிப்பை 28 நானோமீட்டரில் கொண்டுவந்தது. அப்பாவின் போர் மோட்டாருக்குச் செல்போன் ஸ்டார்ட்டர் ஒன்று மாட்டியிருக்கிறோம். மூடியைக் கழற்றினால் பல்லி எச்சத்துக்கு நடுவில் சிம் போடும் ஜிஎஸ்எம் மாட்யூலும் விரல் நுனி அளவு கன்ட்ரோலரும்தான். அதற்கு 3 நானோமீட்டர் எதற்கு? நம் ஆட்கள் டிசைன் செய்து, இப்போதைக்கு எங்கே மலிவோ அங்கே அச்சடித்துக்கொள்ளலாம்.

ஒன்றிய அரசின் டிசைன் ஊக்கத் திட்டத்தில் ஒரு விண்ணப்பத்துக்கான செலவு மானியத்தின் உச்சவரம்பு 15 கோடி. தோலேராவுக்கு ஒன்றிய அரசின் பங்கு பாதி என்று வைத்தால், அதில் 3,000 விண்ணப்பங்கள் அடங்கும். அத்தனை நல்ல நிறுவனங்கள் நம்மிடம் இல்லை, சரி. முந்நூறு இருந்தால்கூடப் பத்தில் ஒரு பங்கு போதும்.

டிசைனிலும் ஓட்டை உண்டு. உலகின் டிசைன் பொறியாளர்களில் ஐந்தில் ஒருவர் இந்தியாவில் என்பார்கள். பெரும்பாலோர் வரைவது வெளிநாட்டு நிறுவனத்தின் சிப். அதை நான் சொல்லும் டிசைனில் சேர்க்காதீர்கள். டிசைன் செய்யும் மென்பொருளும் பெரும்பாலும் அமெரிக்காவினுடையது. 2025 மே மாதம் அமெரிக்கா சீனாவுக்கு அதை நிறுத்தியது, ஜூலையில் திறந்துவிட்டது. நமக்கும் ஒருநாள் அப்படி வராது என்று யாரும் எழுதித் தரவில்லை.

பேக்கேஜிங்கைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியாது, உள்ளே வேலை பார்த்தவனில்லை. என்னோடு படித்த ஒருவன் அந்தக் குஜராத் வேலைக்குப் போனான். தலைமுடியைவிட மெல்லிய கம்பி, கேபிலரி என்கிற பீங்கான் முனை வழியாக இறங்கி ஒட்டுமாம். முனை தேய்ந்தால் மாற்ற வேண்டும், அவர்கள் லைனுக்கு அது இறக்குமதி. "மெஷின் நின்னா பத்து நிமிஷத்துல போன் வந்துரும்டா" என்கிறான். ஆனால் முதல் மாதத்திலிருந்தே வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். டிப்ளமோ முடித்து, வீட்டில் கடனும் இருக்கிற தம்பிகள் தாராளமாக அந்தப் பக்கம் போகலாம். டிசைனுக்கு வருபவர்கள் முதல் இரண்டு வருஷம் சென்னை வாடகையைக் கொடுத்துவிட்டுக் கையில் என்ன மிஞ்சும் என்று வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.