கனமாக இருக்கிறது என்று ஓஸ் வாங்கி ஏமாந்த கதை

ஏற்காட்டில் ஊற்றுத் தண்ணீரை ஓஸ் போட்டுத் தோட்டத்துக்கு இறக்குபவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

போன வருடம் தை மாதம், சேலம் டவுனில் ஒரு கடையில் 32 மி.மீ. கருப்பு ஓஸ் மூன்று சுருள் வாங்கினேன். 300 மீட்டர், 74 கிலோ. கிலோ கணக்கில்தான் விலை. "தூக்கிப் பாருங்க, என்னா கனம்! ஒரிஜினல் எச்.டி.பி.இ.ங்க, பத்து வருசம் அசையாது" என்றார் கடைக்காரர். எச்.டி.பி.இ. என்றால் அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். தூக்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது. அந்தக் கனத்தில்தான் ஏமாந்தேன்.

பதினான்கு மாதம் தாங்கியது. இந்தப் பங்குனியில், காபிப் பூவுக்குத் தண்ணீர் காட்ட வேண்டிய நேரத்தில், பாறைமேல் கிடந்த இடமெல்லாம் நீளவாக்கில் வெடித்துவிட்டது. வெயில் பட்ட மேல்பக்கம் சாம்பல் பூத்து, விரலால் தேய்த்தால் பொடி ஒட்டியது. பாறையோடு ஒட்டிய அடிப்பக்கம் இன்னும் பளபளவென்று இருந்தது.

உடைந்ததை எடைக்குப் போடலாம் என்று காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு துண்டை அறுத்து, வாளித் தண்ணீரில் போட்டார். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. "இது மூழ்குற மாலுங்கண்ணா, எனக்கு வேண்டாம்" என்று கிளம்பிவிட்டார்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், எச்.டி.பி.இ.யின் அடர்த்தி சுமார் 0.95. தண்ணீரில் மிதந்தே ஆக வேண்டும். சுண்ணாம்புக்கல் மாவின் அடர்த்தி 2.7. நூறு கிலோவில் எட்டு கிலோ மாவு கலந்தாலே ஓஸ் மூழ்க ஆரம்பித்துவிடும். அதாவது சுண்ணாம்புக்கும் பிளாஸ்டிக் விலை கொடுத்திருக்கிறேன்!

கருப்பு நிறத்தையும் நம்பியிருந்தேன். நல்ல ஓஸில் கார்பன் பிளாக் என்ற கரித்தூளை இரண்டு, மூன்று சதவீதம் சீராகக் கலப்பார்கள். அது புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காப்பாற்றும். அது போதாமலோ சரியாகக் கலக்காமலோ இருந்தால், வெயிலும் காற்றும் சேர்ந்து பாலிஎத்திலீனின் நீண்ட சங்கிலிகளைத் துண்டாக்கிவிடும். வளைய வேண்டியது முறியும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போலக் கூடும். குளுகுளுவென்று இருக்கிறதே என்று நாம்தான் மறந்துவிடுகிறோம்.

மறுசுழற்சி மாலுக்கு அதே கருப்பு ஒரு முக்காடு. நான் வாங்கிய ஓஸின் வெட்டுவாயில் சிவப்பு நூல் மாதிரி சரியாக உருகாத இழை ஒன்று தெரிந்தது. மறுசுழற்சி மாலில் பல பிளாஸ்டிக் கலந்துவிடும். பால் கவர் பாலிஎத்திலீன், சிமெண்ட் சாக்கு பாலிபுரொப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக். இரண்டையும் சும்மா சேர்த்து உருக்கினால் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி தனித்தனியாகத்தான் நிற்கும், அந்த எல்லையிலேயே விரிசல் விடும். ஆனால் இந்தக் கலவை மிதக்கும். அதனால் மூழ்கினால் வேண்டாம் என்று வைத்துவிடலாமே தவிர, மிதந்துவிட்டது என்பதற்காக வாங்கிவிடக் கூடாது. ஒரு நாடா அளவு சீவி நாலைந்து தடவை மடித்துப் பாருங்கள். நல்லது வெளுக்கும், ஒடியாது. என்னுடையது இரண்டாவது மடிப்பில் அப்பளமாக நொறுங்கியது.

ஓஸ் மேலேயே ஐ.எஸ். 4984 என்ற இந்தியத் தர எண், பி.இ. 63 அல்லது 80 அல்லது 100 என்ற பிளாஸ்டிக் ரகம், அழுத்த அளவு, உரிம எண் எல்லாம் அச்சடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். என் ஓஸில் ஒரு மஞ்சள் கோடு மட்டும்தான் இருந்தது.

உடைந்த துண்டோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் கோபப்படவே இல்லை. பில்லைக் கேட்டு வாங்கி, என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். 'கருப்பு ஓஸ், 74 கிலோ.' "எச்.டி.பி.இ.ன்னு எங்கீங்க எழுதியிருக்கோம்?" என்றார்.