தலவாக்கலையில டூர் டி பிரான்ஸ் பாக்க ஒரு கொத்துக் கடை

மொதல்லயே சொல்லிர்றேன், கொத்து ருசிக்காக மட்டும் போறதா இருந்தா ஹட்டன்லயே இதவிட நல்ல கடை இருக்கு. இது ஜூலை மாசத்துக்காகவே எழுதுற ரிவ்யூ. டூர் டி பிரான்ஸ்ங்கிற சைக்கிள் ரேஸ் நடக்குற மூணு கிழமையும் ராத்திரியில டீவில அதத்தான் போடுவேன்னு அடம் புடிக்கிற கடை எனக்குத் தெரிஞ்சு மலையகத்துல இது ஒண்ணுதான். தலவாக்கலை டவுன்ல பஸ் ஸ்டேண்ட் பக்கம், கீழ சாமான் கடை, படியேறி மேல போனா சாப்பாட்டுக் கடை. போர்ட்ல பெயிண்ட் உரிஞ்சு பேரு பாதிதான் தெரியும், "சைக்கிள் ஓடுற கடை எது"ன்னு யார்கிட்ட கேட்டாலும் கை காட்டுவாங்க.

மொதலாளி அண்ணன் கொஞ்ச காலம் பிரான்ஸ்ல ஒரு ரெஸ்டோரண்ட் கிச்சன்ல நின்னவரு. அங்கேருந்து சமையல் ஒண்ணும் கத்துக்கிட்டு வந்த மாதிரி தெரியல, இந்த ரேஸ் பைத்தியத்த மட்டும் கொண்டாந்துட்டாரு. நேரமும் நமக்கு வாகாத்தான் இருக்கு, அங்க சாயந்திரம் அஞ்சு அஞ்சரைக்கு ஸ்டேஜ், அதான் அன்னைக்கு நாளோட ஓட்டம், முடியிதுன்னா இங்க எட்டரை ஒம்பது, சரியா ராச்சாப்பாட்டு நேரம். வெளிய மழை ஊத்திக்கிட்டு இருக்கும், உள்ள பிரான்ஸ் வெயில்ல நூத்திச்சொச்சம் பேரு சட்டைய தொறந்து விட்டுக்கிட்டு மலை ஏறுவாங்க, நம்ம சுவெட்டர் போட்டுக்கிட்டு ரொட்டிய பிச்சுக்கிட்டே அத பாத்துக்கிட்டு இருப்போம்.

இந்தக் கடையில எனக்கு ரொம்பப் புடிச்சது டீவி இல்ல, கேஷ் மேசைக்கு மேல மாட்டியிருக்கிற கரும்பலகைதான். மத்த மாசத்துல அதுல சாப்பாட்டு வெலை எழுதியிருக்கும். ஜூலையில அண்ணன் எல்லாத்தையும் அழிச்சிட்டு ஒவ்வொரு ராத்திரியும் ஒரே ஒரு கணக்க எழுதுவாரு, மொத்த நேரத்துல மொதல் எடத்துக்கு மோதுற ஸ்லோவேனியாக்காரரு தடேய் போகாச்சருக்கும் டென்மார்க்காரரு யோனாஸ் விங்கெகோருக்கும் நடுவுல எத்தன செக்கன் இருக்குன்னு. அன்னைக்கு யாரு ஸ்டேஜ் ஜெயிச்சா, புள்ளி கூட எடுத்தவருக்குக் குடுக்குற பச்ச ஜேர்சி யாருக்கு, ஒண்ணும் எழுத மாட்டாரு. நேத்து எழுதுனத அழிக்கவும் மாட்டாரு, அதுக்குக் கீழயே அடுத்தது. பாக்குறதுக்கு அப்படியே தோட்டத்துக் கடையில இருக்குமே கடன் கொப்பி, அதே மாதிரி இருக்கும்.

2025ல அந்தப் பலகையில ஓடுன கணக்க சொல்றேன். ஹவுட்டகாம் மலைக்கு முந்தின நாள் வரைக்கும் போகாச்சர் 1 நிமிசம் 17 செக்கன் முன்னுக்கு, அதுல பெரும்பகுதி காயென் டவுன்ல நடந்த டைம் ட்ரையல்ல, அதான் ஒவ்வொருத்தரா தனித்தனியா நேரம் புடிச்சு ஓடுற ஸ்டேஜ்ல, விங்கெகோர் விட்ட 1 நிமிசம் 5 செக்கன். ஜூலை 17ந் தேதி ஹவுட்டகாம், சுமார் பதிமூன்றரை கிலோமீட்டர் ஏத்தம், சராசரி சரிவு எட்டு வீதத்துக்குக் கிட்ட. அடிவாரத்துலயே போகாச்சரோட டீம் ஆளு நர்வாயெஸ் ஒரு இழுப்பு இழுத்து விட்டாரு, போகாச்சர் எழும்பி அடிச்சாரு, அதான் திடீர்னு வேகம் கூட்டுனாரு, இன்னும் பன்னெண்டு கிலோமீட்டர் கெடக்கு, அவரு தனியா போய்ட்டாரு. விங்கெகோர் 2 நிமிசம் 10 செக்கன் பிந்தி வந்தாரு. மொதலா வர்றவருக்கு 10 செக்கன், ரெண்டாவதுக்கு 6, மூணாவதுக்கு 4ன்னு போனஸ் கழிச்சுக் குடுப்பாங்க இல்லையா, அந்த வித்தியாசம் 4ம் சேந்து பலகையில ஏறுனது 3:31. மறுநாள் பெய்ராகுட் மலை டைம் ட்ரையல்ல இன்னும் 36, ஆக 4:07.

டீவில பேசுறவங்க அதோட ரேஸ் முடிஞ்சிச்சுன்னு கடைய சாத்திட்டாங்க. பலகைய பாத்துக்கிட்டு இருந்த எங்களுக்கு அதுக்கு அப்புறந்தான் சுவாரஸ்யமே. 4:13, 4:15, 4:26, கடைசியா 4:24. பெய்ராகுட்டுக்கு அப்புறம் பாரிஸ் வரைக்கும் மொத்தமா கூடுனது வெறும் 17 செக்கன். இத்தனைக்கும் அந்த நாள்கள்ல சுப்பர்பான்யேர் இருக்கு, மோன் வோன்து இருக்கு, கோல் டி லா லோஸ் இருக்கு, எல்லாம் பெரிய மலைங்க. வோன்து மலையில விங்கெகோர் திரும்பத் திரும்ப அடிச்சுப் பாத்தாரு, ஒவ்வொரு தடவையும் போகாச்சர் ஒட்டிக்கிட்டே வந்து கடைசில 2 செக்கன் புடுங்கிக்கிட்டுப் போனாரு. அத வெறும் ஹைலைட்ஸ்ல பாத்தா ஒண்ணுமே நடக்காத ஸ்டேஜ். கடைசி மலையான லா பிளான்யில விங்கெகோர் ரெண்டாவது, போகாச்சர் மூணாவது, ஒரே நேரம், போனஸ்ல மட்டும் 2 செக்கன் திரும்ப வந்துச்சு. அந்த 2 செக்கன அண்ணன் கழிச்சு எழுதும்போது மூலை மேசைல இருந்த பொடியன்க கை தட்டுனாங்க பாருங்க, ரேஸ் ஜெயிச்ச மாதிரி.

அந்த மூலை மேசைய பத்தி சொல்லியாகணும். டீ பேக்டரில ஷிப்டு முடிஞ்சு வர்ற பொடியன்க, எல்லாரும் விங்கெகோர் கட்சி. காரணம் கேட்டா, அந்த மனுஷன் டென்மார்க்ல விடியக்கால மீன் வேலைக்குப் போயிட்டு வந்து அப்புறம் சைக்கிள் பழகுனவரு, அதான்ங்கிறாங்க. உண்மதான், ஹன்ஸ்ட்ஹோம்ங்கிற துறைமுகத்துல அவரு அப்படி வேல பாத்திருக்காரு. அண்ணன் முழுக்க போகாச்சர் ஆளு, போகாச்சர் ஸ்டேஜ் ஜெயிச்சா இருக்கிற எல்லாருக்கும் இஞ்சி பிளேன்டீ ப்ரீ. 2025ல நாலு ஸ்டேஜ், நாலு ராத்திரி டீ. எல்லாம் பதிமூணாவது ஸ்டேஜுக்குள்ளயே முடிஞ்சிருச்சு, அதுக்கு அப்புறம் காசு குடுத்துத்தான் குடிச்சோம்.

புதுசா வர்றவங்களுக்கு பழைய கதைய அண்ணன் கேக்காமலேயே சொல்லுவாரு, கொஞ்சம் நீளமா சொல்லுவாரு, ஆனா பொய் கலக்க மாட்டாரு. 2022ல கோல் டு கிரானொன்ல போகாச்சர் தளந்து போயி 2 நிமிசம் 51 செக்கன் விட்டது. அந்த மலை உச்சி 2413 மீட்டர், நம்ம பிதுருதலாகல 2524ன்னு அண்ணன் உடனே இழுப்பாரு, நம்ம மலை ஒசத்திங்கிறதுல அவருக்கு ஒரு சந்தோசம். அப்புறம் 2023, பதினாறாவது ஸ்டேஜுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது வெறும் 10 செக்கன், ரெண்டு கிழமை ஓடி 10 செக்கன்! கொம்ப்ளூ டைம் ட்ரையல்ல விங்கெகோர் ஒரே நாள்ல 1 நிமிசம் 38 எடுத்தாரு, மறுநாள் லோஸ் மலையில போகாச்சர் ரேடியோல தான் செத்துட்டேன்னு டீமுக்கு சொன்னாரு, கடைசில விங்கெகோர் 7 நிமிசம் 29 செக்கன் வித்தியாசத்துல ஜெயிச்சாரு. அந்த வருஷம் ஏப்ரல்ல போகாச்சருக்கு மணிக்கட்டு ஒடைஞ்சிருந்ததையும் அண்ணன் மறக்காம சேப்பாரு. உடனே மூலை மேசையிலிருந்து 2024 வரும், அந்த ஏப்ரல்ல விங்கெகோருக்கு பாஸ்க் நாட்டு ரேஸ்ல விழுந்து நுரையீரலே சுருங்கிப் போச்சு, மூணு மாசத்துல வந்து ரெண்டாவது எடம் எடுத்தாரு, அத என்ன சொல்றீங்கன்னு. இதுக்கு அண்ணன்கிட்ட பதில் இல்ல, கொத்து வெட்ட போயிருவாரு.

எனக்குக் கேட்டா ரெண்டு பக்கமும் சரிதான். ரெண்டு பேரும் உடம்பு முழுசா நல்லா இருந்து, டீமும் முழுசா இருந்து மோதுன வருஷம் கொறைவு. 2025லகூட போகாச்சரோட பெரிய கை அல்மெய்தா ஏழாவது ஸ்டேஜ்ல விழுந்து விலா ஒடைஞ்சு ஒம்பதாவதுல எறங்கிட்டாரு. இன்னொண்ணு, அந்த வருஷம் எதிரெதிர் டீம்ல இரட்டைப் புள்ளைங்க ஓடுனாங்க, சைமன் யேட்ஸ் விங்கெகோருக்கு, ஆடம் யேட்ஸ் போகாச்சருக்கு. ஹெல்மெட்டோட பாத்தா ஜேர்சிய வச்சுத்தான் கண்டுபுடிக்கணும், கடையில இதுக்கே ஒரு பந்தயம் நடந்துச்சு.

லா பிளான்ய் அன்னைக்கு நடந்த கூத்து வேற. வழியில ஒரு மலைப் பக்கம் மாட்டுக்குத் தோல் வியாதி பரவிருச்சுன்னு அந்த ஏத்தத்தையே வெட்டி ஸ்டேஜ சுருக்கிட்டாங்க. உலகத்துப் பெரிய ரேஸு, மாட்டுக்காக வழி மாறிப் போகுது. பக்கத்து மேசையில மாடு வளக்குற ஒரு பெரியவரு மட்டும் "செஞ்சது சரி தம்பி, அந்த வியாதி வந்தா பட்டியே போயிரும்"னாரு.

இப்ப கொறைகள். நெட் ஒரு பெரிய தலவலி. மருமகன் லெப்டொப்ப டீவிக்கு குத்தி டொங்கல்ல புடிக்கிறாரு, மழை வலுத்தா படம் நின்னுரும். ஹவுட்டகாம்ல போகாச்சர் எழும்புற அந்த எடத்துலதான் வட்டம் சுத்த ஆரம்பிச்சுது, திரும்ப படம் வந்தப்ப அவரு தனியா போய்க்கிட்டு இருக்காரு, கடையே கத்துது, மருமகன் பாவம் டொங்கல தூக்கிக்கிட்டு ஜன்னலோரம் நிக்கிறாரு. ரெண்டாவது, கொத்து சத்தம். தகட்டுல அடிக்கிற அடியில ஒண்ணுமே கேக்காது, அதுக்காகவே கடைசி மூணு கிலோமீட்டர்ல கொத்து வெட்டுறதில்லன்னு சட்டம் வச்சிருக்காரு. ஆக பசியோட லேட்டா வந்தீங்கன்னா பினிஷ் முடியிற வரைக்கும் வடைதான்.

மூணாவதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம். செப்டம்பர்ல ஸ்பெயின் ரேஸ் வுவெல்டாவையும் போடுறேன்னு சொன்னவரு, 13ந் தேதி போலா டெல் முண்டோ ஏத்தத்துல விங்கெகோர் தனியா ஜெயிச்சு ரேஸையே உறுதி பண்ணிக்கிட்ட அந்த ராத்திரி, ஏஷியா கப்ல நம்மாளுங்க பங்களாதேஷோட ஆடுறாங்கன்னு கிரிக்கெட்டுக்கு மாத்திட்டாரு. மேட்ச் நம்ம ஜெயிச்சோம், சரி, ஆனா போகாச்சர் அந்த ரேஸ்ல இல்லாததுதான் உண்மைக் காரணம்னு மூலை மேசை இன்னும் சொல்லுது. நானும் அப்படித்தான் நெனைக்கிறேன்.

சாப்பாடு சுமார். கோழிக் கொத்து 1000 ரூபாய்க்குள்ள, அளவு தாராளம், எண்ணெ கொஞ்சம் கூட. ரொட்டியும் கட்டச்சம்பலும் நல்லது, உளுந்து வடை சூடா இருந்தா மட்டும் வாங்குங்க. பாத்ரூம் பத்தி கேக்காதீங்க. கல்லாவுல இருக்கிற அக்கா சிரிக்க மாட்டாங்க, ஆனா சில்லற சரியா குடுப்பாங்க, ரெண்டு மணி நேரம் ஒரு பிளேன்டீயோட உக்காந்திருந்தாலும் ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க, அது பெரிய விசயம்.

2026 டூர் ஜூலை 4ந் தேதி பார்சலோனாவுல தொடங்குது, கடைசி கிழமையில அல்ப் டுவெஸ் மலைய அடுத்தடுத்த ரெண்டு நாள் ஏறுறாங்க, அந்த ரெண்டு ராத்திரிக்கும் ஏழு மணிக்கே போனாத்தான் எடம். எஸ்டேட் பக்கம் போறவங்க த்ரீவீல் ஒண்ண முன்னாடியே பேசி வச்சுக்கங்க, பினிஷ் முடியும்போது கடைசி பஸ் போயிருக்கும். டீவிக்கு நேர் எதிர்ல இருக்கிற மொத மேசைய எடுக்காதீங்க, லெப்டொப் வயர் கால்ல மாட்டும், மாட்டி கழண்டுச்சுன்னா கடை முழுக்க உங்களத்தான் பாக்கும்.