மூலிகைச் சாறுகளுக்கான கிருமிச் சோதனைச் சேவை: என் அனுபவமும் மதிப்பீடும்

தொண்டை கொப்பளிக்கும் நீர் ஒன்றைத் தயாரிக்கும் முயற்சியில், அதிமதுரம், மஞ்சள், கிராம்பு ஆகிய மூன்றின் எத்தனால் சாறுகளையும் ஒரு தனியார் ஆய்வகத்தில் சோதனைக்குக் கொடுத்தேன். பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சிக்கு முதன்மைக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் கிருமியை இவை கட்டுப்படுத்துமா என்று அறிவதே என் நோக்கம்.

கிருமியைக் கையாள்வதில் அவர்களுக்கு நல்ல தேர்ச்சி இருக்கிறது. சாதாரண வளர்ப்பு ஊடகத்தில் சரியாக வளராத இக்கிருமிக்கென 5 சதவீதம் செம்மறியாட்டு ரத்தம் சேர்த்த முல்லர்-ஹிண்டன் அகார் என்னும் வளர்ப்புக் கூழைப் பயன்படுத்தி, சாறு தோய்த்த காகித வட்டுகளோடு ஒப்பீட்டுக்குப் பென்சிலின் வட்டையும் வைத்திருந்தார்கள். அறிக்கையோடு வந்த படங்களில், சிவந்த தட்டின் மேல் 6 மில்லிமீட்டர் வட்டுகளைச் சுற்றியிருந்த, கிருமி வளராத தடுப்பு வளையங்கள் அளவுகோலுடன் தெளிவாகத் தெரிந்தன.

ஆனால் அந்தப் படங்களில்தான் குறையும் தெரிந்தது: வெறும் எத்தனால் மட்டும் இட்ட வட்டு எந்தத் தட்டிலும் இல்லை. எத்தனாலே கிருமியைக் கொல்லக்கூடியது என்பதால், கிராம்புக்குக் கிடைத்த 15 மில்லிமீட்டர் வளையத்தில் கிராம்பின் பங்கு எவ்வளவு, கரைப்பானான எத்தனாலின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியே இல்லை. கேட்டதும் தட்டிக்கழிக்காமல் மறுபடி செய்து தந்தார்கள். ஈரம் உலராத வெறும் எத்தனால் வட்டைச் சுற்றியும் 9 மில்லிமீட்டர் வளையம் விழுந்திருந்தது. வட்டுகளை முழுவதும் உலர்த்திய பிறகு அந்த வளையம் மறைந்தது, கிராம்பின் வளையமும் 11 மில்லிமீட்டராகச் சுருங்கியது. மனம் சற்று வாடினாலும், நான் நம்பக்கூடிய எண் அதுதான்.

மஞ்சளுக்கு வளையமே இல்லாததால் 'செயல்திறன் இல்லை' என்று எழுதிவிட்டிருந்தார்கள். இது அவசர முடிவு. மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின் நீரில் மிக அரிதாகவே கரைவதால் அகாரில் சரியாகப் பரவாது. ஆகவே வளையம் விழாததை வைத்து அதைத் தள்ளிவிட முடியாது. இதைச் சுட்டிக்காட்டிய பின், 96 குழித் தட்டில் சாற்றைப் படிப்படியாக நீர்த்துக் கிருமியோடு நேரடியாகக் கலந்து பார்க்கும் சோதனையைத் தனிக் கட்டணத்தில் செய்தார்கள். மஞ்சளின் நிறமும் கலங்கலும் கிருமி வளர்ச்சியை மறைத்துவிடும் என்று உணர்ந்து, ஒவ்வொரு குழியிலிருந்தும் ரத்த அகாரில் மறுவளர்ப்பு செய்து பார்த்த அந்த அக்கறையை மனமாரப் பாராட்டுகிறேன்.

அறிக்கையின் இறுதியில் இருந்த 'தொண்டைத் தொற்றைக் குணப்படுத்தும்' என்ற வரியை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். தட்டில் 24 மணி நேரம் கிருமியோடு ஒட்டியிருக்கும் சாறு, தொண்டையில் உமிழ்நீரோடு சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். மேலும் பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்கு உரிய சிகிச்சை கிடைக்காவிட்டால் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளே பாதிக்கப்படலாம் என்னும்போது, அந்த ஒரு வரியை நம்பி யாரேனும் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக்கூடும்.

இந்தச் சேவையைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் மாதிரியைக் கொடுக்கும் முன்பே, கரைப்பான் மட்டும் இட்ட வட்டும், ஒவ்வொரு சோதனையையும் மும்முறை செய்வதும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இடம்பெறும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.