ஜெர்மனியா, அயர்லாந்தா? முதலில் வீட்டு பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்

கரூரில் எங்கள் வீட்டுப் பணம் வங்கியில் தங்கியதே இல்லை. பாதி உறவுக்காரர்களுக்குள் அத்தை நடத்தும் சீட்டில் இருக்கும். மீதி, ஜாப் ஒர்க் செய்து கொடுத்த கம்பெனிகளிடம் அப்பாவுக்கு வரவேண்டிய பாக்கி. அவசரத்துக்கு அம்மாவின் நகை. அப்பாவின் சேமிப்புக் கணக்கில் கரண்ட் பில் கட்டும் அளவுக்குத்தான் எப்போதும் இருப்பு.

2024 கடைசியில் என் கையில் இரண்டு ஆஃபர் லெட்டர் இருந்தன. ஒன்று டப்ளினில் ஒரு வருட மாஸ்டர்ஸ், இன்னொன்று ஜெர்மனியின் கெம்னிட்ஸில் இரண்டு வருடம். நான் கெம்னிட்ஸுக்கு வந்தேன், கல்லூரி நண்பன் டப்ளினுக்குப் போனான். அதன் பிறகு ஜூனியர்கள் வாரத்துக்கு ஒருவராவது "எந்த நாட்டு விசா ஈசி அண்ணா?" என்று கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் பணம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். அயர்லாந்தில் ஆங்கிலம் போதும், படிப்பு ஒரே வருடம், மாஸ்டர்ஸ் முடித்தால் வேலைக்கு இரண்டு வருடம் தங்கலாம். ஜெர்மனியில் வேலை தேட 18 மாதம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் தொகை மட்டும்தான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது கட்டணம் வாங்குகிறது. படிக்கும்போது வேலை பார்க்க அயர்லாந்தில் வகுப்பு நாட்களில் வாரம் 20 மணி நேரம், குறிப்பிட்ட விடுமுறை மாதங்களில் 40. ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். பிரான்ஸையும் பார்த்தேன். மாதம் 615 யூரோ காட்டினால் போதும் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் என் பாடத்துக்கு ஆங்கிலத்தில் கிடைத்தவை பெரும்பாலும் தனியார் கல்லூரிகள் என்பதால் விட்டுவிட்டேன்.

இனி பணக் கதை.

அயர்லாந்து விசாவுக்குக் கல்விக் கட்டணத்தில் குறைந்தது 6,000 யூரோவை விண்ணப்பிக்கும் முன்பே கட்டியிருக்க வேண்டும். மீதிக் கட்டணம் கைவசம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு மேல் முதல் வருடச் சாப்பாடு, வாடகைக்கு 10,000 யூரோ. என் கட்டணம் 18,500 யூரோ. கட்டியது போக 22,500 யூரோ, அதாவது 20 லட்ச ரூபாய் கணக்கில் தெரிய வேண்டும்.

தொகைகூடப் பெரிய பிரச்சினை இல்லை, ஸ்டேட்மென்ட்தான் பிரச்சினை. ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள். நடுவில் திடீரென்று பெரிய தொகை வந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று ஆதாரத்தோடு விளக்க வேண்டும். ஒரு ராத்திரி அப்பாவும் நானும் ஸ்டேட்மென்ட்டைத் தரையில் விரித்து, சந்தேகம் வரக்கூடிய வரிகளையெல்லாம் மஞ்சள் ஹைலைட்டரில் கோடு போட்டோம். சீட்டு எடுத்த பணம் நான்கு சொந்தக்காரர் பெயர்களில் நான்கு வரி. மாமா கைமாற்றாகக் கொடுத்த மூன்று லட்சம் ஒரு வரி. கம்பெனி பாக்கி மொத்தமாக வந்தது ஒரு வரி. ஆறு மாதமும் நாலாயிரம், எட்டாயிரம் என்று ஓடிக்கொண்டிருந்த கணக்கு, கடைசி ஐந்து வாரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. எல்லாமே நேர்மையான பணம். ஆனால் டெல்லியில் உட்கார்ந்து இந்தத் தாளைப் பார்க்கும் விசா அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்?

கல்விக் கடன் எடுத்திருக்கலாமே என்பீர்கள். அரசு வங்கியில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து ஜாமீன் வேண்டும். எங்கள் வீட்டுப் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, பாகப்பிரிவினை ஆகவில்லை. ஒரு கன்சல்டன்சியில், "நாங்களே அக்கவுண்ட்ல பணம் போட்டுக் காட்டறோம், வட்டி மட்டும் குடுங்க" என்றார்கள். அப்பா எழுந்து வந்துவிட்டார். அவர் செய்தது சரி. பொய்யான ஆவணம் என்று தெரிந்தால் அயர்லாந்து ஐந்து வருடம் வரை விசா தராமல் தடுக்கலாம். மேல்முறையீட்டு உரிமையும் போய்விடும்.

ஜெர்மனி இதையே வேறு மாதிரி கேட்கிறது. ஒரு வருடச் செலவுக்கான பணத்தை ப்ளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதம் இவ்வளவுதான் எடுக்க முடியும் என்று பூட்டிய கணக்கில் போட்டு, போட்டதற்கான சான்றிதழைக் கொடுத்தால் போதும். நான் கட்டியபோது அது 11,904 யூரோ, மாதம் 992 வீதம். ஃபின்டிபா, எக்ஸ்பாட்ரியோ போன்ற நிறுவனங்களில் ஆன்லைனிலேயே கணக்கு திறக்கலாம். என் விண்ணப்பத்தில் அப்பாவின் ஆறு மாத ஸ்டேட்மென்ட்டை யாரும் கேட்கவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கரூரில் எங்கள் வங்கிக் கிளையிலேயே முடிந்தது. அங்கிருந்த மேனேஜருக்கு அப்பாவின் தொழில் பதினைந்து வருடமாகத் தெரியும். பான் கார்டு, வருமான வரித் தாக்கல், அட்மிஷன் லெட்டர், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கொடுக்கும் ஏ2 படிவம் எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு, "பையன் பேருக்குத்தானே போகுது?" என்று ஒரே கேள்வி கேட்டார்.

பணம் அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். அனுப்புபவரே எல்லா வங்கிக் கட்டணத்தையும் ஏற்கிறார் என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். நாங்கள் போடவில்லை. நடுவில் இருந்த வங்கி 22 யூரோ பிடித்துக்கொண்டது, தொகை குறைந்ததால் சான்றிதழ் வரவில்லை. அந்த 22 யூரோவைத் தனியாக அனுப்பி முடிக்க ஒன்பது நாள் ஆனது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கியே பிடிக்கும் டி.சி.எஸ். வரியாகச் சுமார் 18,000 ரூபாயும் போனது. ஒரு வரம்புக்கு மேல் அனுப்பும் தொகைக்குத்தான் இந்த வரி. அப்போது அந்த வரம்பு 7 லட்சம், 2025 ஏப்ரலில் அதை 10 லட்சமாக உயர்த்திவிட்டார்கள். பிடித்த வரியை வருமான வரித் தாக்கலில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

கடன் வாங்கிக் காட்டிவிட்டு விசா வந்ததும் திருப்பிக் கொடுக்கும் திட்டம் இருந்தால் ஜெர்மனி ஒத்துவராது. மொத்தமாக எடுக்க முடியாது, மாதம் 992தான் வரும். மாமாவிடம் இதை முன்பே சொல்லிவிட்டேன். "ரெண்டு வருசம் கழிச்சுக் குடு மாப்ளே" என்றார். ஒன்றாம் தேதி அந்த 992 வரும்போது ஹாஸ்டல் அறைக்கு 290, மருத்துவக் காப்பீட்டுக்கு 140 சொச்சம் போக மீதியில் கெம்னிட்ஸில் நிம்மதியாகச் சாப்பிடலாம். மியூனிக் என்றால் வாடகையிலேயே பெரும்பகுதி போயிருக்கும். அயர்லாந்துக்குக் காட்டும் தொகையில் பெரும்பங்கு கல்லூரிக் கட்டணமாகப் போய்விடும், ஜெர்மனியில் அடைத்த பணம் எனக்கே சோறாகத் திரும்பி வருகிறது. எங்களைப் போன்ற வீட்டுக்கு இதுதான் பெரிய வித்தியாசம்.

ஜெர்மனிக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் என்ற கூடுதல் படி உண்டு; நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவைதானா என்று சரிபார்த்துத் தருவது அது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். எனக்கு ஆறு வாரத்தில் வந்தது. மார்க் ஷீட்டுகளைத் தயாராக வைத்துக்கொண்டு, ஆஃபருக்குக் காத்திருக்காமல் இதைத் தொடங்கிவிடுங்கள்.

நண்பன் வீட்டு நிலைமை நேர் எதிர். அவன் அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். மாதாமாதம் சம்பளம் ஏறும் கணக்கு, படிவம் 16, பி.எஃப்., அப்பா பெயரிலேயே வீடு. கல்விக் கடன் சுலபமாகக் கிடைத்தது, விசா ஐந்து வாரத்தில் வந்தது. இந்நேரம் அவன் படிப்பை முடித்து வேலை தேடுகிறான், எனக்கு இன்னும் இரண்டு செமஸ்டர் பாக்கி. அவனைப் போன்ற வீடாக இருந்தால் அயர்லாந்தைத் தயங்காமல் பாருங்கள். விசா மறுக்கப்பட்டாலும் அங்கே இரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் மேல்முறையீடு செய்யலாம். ஜெர்மனி 2025 ஜூலை முதல் அப்படித் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் முறையை எடுத்துவிட்டது. மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வழக்குத்தான். டப்ளின் வாழ்க்கையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அவன் வாய்வழிக் கேட்டது. பகிர்ந்துகொள்ளும் அறைக்கே மாதம் 700 யூரோ கொடுக்கிறானாம்.

கடைசியாக, கன்சல்டன்சியில் எனக்கு யாரும் சொல்லாதது. ஜெர்மனியில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த காலத்துக்கான பணத்தை மறுபடி காட்ட வேண்டும். எனக்கு வரும் ஏப்ரலில் அந்த முறை வருகிறது. பல்கலைக்கழக ஆய்வகத்தில் கிடைத்த உதவியாளர் வேலையின் ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டுகளையும் வைத்திருக்கிறேன். பற்றாக்குறைக்கு அம்மா இந்த மாதம் சீட்டு எடுக்கிறார். இந்த முறை பணம் அனுப்பும்போது டிக் போட வேண்டிய கட்டத்தை அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.