கார் லோனோடு சேர்த்துத் தலையில் கட்டப்படும் இன்சூரன்ஸ்: பாஸ்புக்கை ஒருமுறை பாருங்கள்

கார் லோன் எடுக்கப் போகிறவர்களும், எடுத்து ஒரு மாதம்கூட ஆகாதவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்களுக்கே தெரியாமல் உங்கள் பெயரில் ஒரு பாலிசி ஓடிக்கொண்டிருக்கலாம். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார், நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் நாலு பேரும் ஸ்கூட்டரில் போக முடியவில்லை, மாமியாரை மாதாமாதம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக டாக்ஸி செலவு வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு, அதாவது நாலு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் இருப்பவற்றுக்கு, ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கிய பிறகுதான் கார் எங்கள் கைக்கு எட்டியது. மைலேஜ் கொடுக்கும் சாதாரண மாடல் போதும், 5 லட்சத்துக்கு மேல் கடன் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம்.

லோன் கேட்டுப் போன பேங்கில் ரிலேஷன்ஷிப் மேனேஜர் சொன்னது இது: "லோனுக்கு புரொடெக்‌ஷன் கட்டாயம் மேடம், சாருக்கு ஏதாவது ஆச்சுன்னா கடன் உங்க மேல விழக்கூடாது பாருங்க. 60,000 ஒரே தடவை கட்டுறது, அஞ்சு வருஷத்துல வட்டியோட திரும்பி வந்துடும்." எஃப்டி மாதிரி என்றார். அப்புறம் டேப்லெட்டில் ஏதேதோ நிரப்பிவிட்டு லோன் ஓடிபி என்று சொல்லி நம்பர் வாங்கிக்கொண்டார். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வரும், எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் லோன் நின்றுவிடும் என்று வீட்டுக்காரரிடம் தனியாகவும் சொல்லியிருக்கிறார்.

பாலிசி பத்திரம் மெயிலில் வந்தது. பிரித்துப் பார்த்தால் வருடம் 60,000, பத்து வருடம் கட்ட வேண்டும், பணம் திரும்ப வருவது இருபதாவது வருடம், நடுவில் இறந்தால் கிடைக்கும் தொகை 6 லட்சம். கார் லோனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கூடவே இருந்த பலன் அட்டவணையில் பணம் 4 சதவீதம் வளர்ந்தால், 8 சதவீதம் வளர்ந்தால் என்று இரண்டு கணக்கு இருந்தது, இரண்டுமே உத்தரவாதம் இல்லை என்று கீழே எழுதியிருந்தது. அந்தத் தாளை அவர் எங்களிடம் காட்டவே இல்லை.

அதைவிட மோசம் விண்ணப்பப் படிவம். பத்திரத்தோடு அதன் நகலும் வரும், கட்டாயம் படியுங்கள். வீட்டுக்காரர் தொழில் பிசினஸ் என்றும், வருமானம் உண்மையில் வாங்குவதைப் போல இரண்டு மடங்காகவும் போட்டிருந்தார்கள். சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று டிக். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார், அந்த மேனேஜர் எதிரிலேயே அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். முதல் மூன்று வருடத்துக்குள் பாலிசிதாரர் இறந்தால், உண்மையை மறைத்தார் என்று காட்டி க்ளெய்மை மறுக்க இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு கம்பெனிக்கு இடம் கொடுக்கிறது. கமிஷனுக்காக யாரோ போட்ட ஒரு டிக், நாளைக்கு நானும் பிள்ளைகளும் வெறுங்கையோடு நிற்கக் காரணமாகியிருக்கும். இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பாலிசி வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம், ஃப்ரீ லுக் என்பார்கள். முன்பு பொதுவாக 15 நாள், 2024-இல்தான் 30 ஆக்கினார்கள். இதைக் கேட்டதும் மேனேஜர் மறுக்கவில்லை, இழுத்தார். மெயில் போட்டாச்சு என்றார், பெரிய மேனேஜர் லீவு என்றார், ஒரு வருஷம் மட்டும் கட்டிட்டு விட்டுடுங்க என்றார். முப்பது நாள் ஓடிவிட்டால் அவர்கள் ஜெயித்த மாதிரி. அதனால் பேங்கை நம்பி உட்காராமல் இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளைக்கே நேரில் போய்க் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கினோம், அதையே கம்பெனிக்கு மெயிலும் செய்தோம். முத்திரைக் கட்டணமும் காப்பு இருந்த நாட்களுக்கான சிறு தொகையும் போக மீதி அக்கவுண்டுக்கு வந்துவிட்டது. மெடிக்கல் டெஸ்ட் எடுத்திருந்தால் அந்தச் செலவையும் பிடிப்பார்கள்.

பேங்க் சேவைக்கும் இன்சூரன்ஸுக்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ முடிச்சுப் போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. யாராவது கட்டாயம் என்றால் அதை எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். நாங்கள் கேட்டபோது அந்த மேனேஜர் பேச்சையே மாற்றிவிட்டார்.

ஷோரூமிலும் இதே கதைதான், ஆனால் சின்ன அளவில். புது காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், 2018 செப்டம்பரிலிருந்து. நம் வண்டியின் சேதத்துக்கான பாலிசி ஒரு வருடம் எடுத்தால் போதும், அதையும் அவர்களிடமே எடுக்க வேண்டியதில்லை. அதே மதிப்புக்கு வெளியில் பல ஆயிரம் குறைவாகக் கிடைத்தது. கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் பணத்தைக் கம்பெனியே ஒர்க்‌ஷாப்புக்கு நேராகக் கொடுக்கும் வசதி, வராது என்று பயமுறுத்தினார்கள். எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கினோம், அவ்வளவுதான்.

வீட்டுக்காரருக்கு இப்போது வெறும் டெர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் பணம் தருவது, எடுத்திருக்கிறோம். சர்க்கரை இருப்பதைச் சொன்னோம், டெஸ்ட் எடுத்தார்கள், பிரீமியம் கொஞ்சம் கூட்டினார்கள். அப்படியும் வருடம் 18,000 பக்கம்தான் வருகிறது, காப்பு 50 லட்சம். பணம் திரும்பி வராது, தெரிந்துதான் கட்டுகிறோம். இன்னொன்று, தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கும் அதே செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி கிடையாது, யாராவது சேர்த்துச் சொன்னால் கேள்வி கேளுங்கள்.

30 நாள் தாண்டியவர்கள் விட்டுவிடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள், பாலிசி எடுக்கும்போது கம்பெனியிலிருந்து வந்த அந்தச் சரிபார்ப்பு போன் காலின் பதிவையும் கேளுங்கள். காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற புகார் தளத்திலும் பதியலாம், போன் என்றால் 155255. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. அதே கிளையில் லோன் வாங்கிய வீட்டுக்காரரின் நண்பர் ஒருவருக்கும் இதே பாலிசியைத்தான் மாட்டிவிட்டிருக்கிறார்கள், அவருக்கு முப்பது நாள் எப்போதோ முடிந்துவிட்டது. கம்பெனிக்கான புகாரை எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினோம். பதில் வராவிட்டால் அடுத்தது சென்னைக்கு அனுப்பப் போகிறார்.